தேதி சொல்லி வரும் திடீர் வறட்சி

கென்யாவின் வடக்கே வறட்சி திடீரென்று வருவதில்லை. தேதி சொல்லிவிட்டு வருகிறது.

தேசிய வறட்சி மேலாண்மை ஆணையம் என்று அங்கே ஓர் அலுவலகம் உண்டு. வறண்ட மாவட்டங்கள் 23. ஒவ்வொன்றுக்கும் மாதாமாதம் அறிக்கை போடுகிறார்கள். எவ்வளவு மழை, புல் எவ்வளவு பச்சை, சந்தையில் ஆடு என்ன விலை, மந்தை தண்ணீருக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்கிறது, குழந்தையின் கை எவ்வளவு மெலிந்திருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். கூடவே ஒரு முத்திரை: இயல்பு, விழிப்பு, அபாயம், அவசரம், மீட்சி. எந்த மாவட்டமும் ராத்திரியோடு ராத்திரியாக முதல் படியிலிருந்து நான்காம் படிக்குத் தாவிவிடாது. மாதக்கணக்கில் ஏறும். ஏறுவதைப் படம் போட்டு, வண்ணம் தீட்டி, மேலிடத்துக்கு அனுப்புகிறார்கள். மேலிடம் வண்ணத்தை மட்டும் பார்க்கிறது. சிவப்பு வந்ததும் "ஐயோ" என்கிறது.

2020 கடைசியில் தொடங்கி 2022 கடைசி வரை வரிசையாக ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. 40 ஆண்டுகளில் காணாத வறட்சி. ஒரு பருவம் பொய்த்தால் கெட்ட நேரம் என்று விட்டுவிடலாம். இரண்டு பொய்த்தால் பொறுப்பில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். 2021 செப்டம்பர் 8 அன்று அதிபர் உஹுரு கென்யாட்டா நிமிர்ந்து உட்கார்ந்தார். தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். பாராட்டுவோம். அதற்குப் பிறகு இன்னும் மூன்று பருவங்கள் பொய்த்தன. அறிவித்த கைக்கு வேலை செய்ய ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது என்று அர்த்தம். 2023 பிறக்கும்போது நாட்டில் 25 லட்சம் ஆடு, மாடு, ஒட்டகங்கள் செத்திருந்தன. 40 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் அடுத்த வேளைச் சோற்றுக்கு உதவி கேட்டு நின்றார்கள். அறிவிப்பில் மட்டும் ஒரு குறையும் இல்லை. எழுத்துப் பிழைகூடக் கிடையாது.

இதைவிட ருசியான கதை ஒன்று இருக்கிறது. 2011இலும் இதே போல் ஒரு வறட்சி. சோமாலியாவில் பஞ்சமே அறிவிக்கப்பட்டது. வடக்குக் கென்யாவில் பிணங்கள் விழுந்தன. நாட்டின் சாதாரண ஜனங்கள், மாதச் சம்பளக்காரர்கள், கடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், தங்கள் கைபேசியிலிருந்தே பணம் அனுப்பினார்கள். கேட்டதைவிட அதிகமாகக் குவிந்தது. அரசுகள் பணத்துக்குப் பதில் வாக்குறுதி அனுப்பின. அந்தச் செப்டம்பரில் கிழக்கு ஆப்பிரிக்கத் தலைவர்கள் நைரோபியில் கூடினார்கள். இனி வறட்சி வரலாம், வறட்சியால் அவசரநிலை மட்டும் வரவே கூடாது என்று முடிவெடுத்தார்கள். கென்யா ஒரு படி மேலே போய்க் கெடுவும் குறித்தது. 2022க்குள் வறட்சி அவசரநிலைகளுக்கு முற்றுப்புள்ளி. திட்டம் உண்டு, சட்டகம் உண்டு, அட்டைப்படத்தில் சிரிக்கும் ஒட்டகம் இல்லாத குறைதான்.

2022 வந்தது. கெடு தவறாமல் வறட்சியும் வந்தது. வராதது முற்றுப்புள்ளி.

சினிமாக்காரர்கள்தான் ஓடிய படத்துக்கு இரண்டாம் பாகம் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஆக்ஸ்ஃபாமும் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பும் 2012இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. எச்சரிக்கை முன்கூட்டியே வந்தும் உதவி தாமதமாகப் போனதால் எத்தனை உயிர் வீணாயிற்று என்பது அதன் சாரம். தலைப்பு, 'அபாயகரமான தாமதம்'. பத்தாண்டு கழித்து 2022இல் மறுபடி ஓர் அறிக்கை. தலைப்பு, 'அபாயகரமான தாமதம் 2'. கதாநாயகர்கள் மாறியிருந்தார்கள். கதை மாறவில்லை. வில்லன் யார் என்று இரண்டு பாகத்திலும் ஒருவரும் கேட்கவில்லை, அவர் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

கருவிகள் இல்லாமல் இல்லை. 2010இலேயே மார்சபிட் மாவட்டத்தில் கால்நடைக் காப்பீடு ஒன்றைத் தொடங்கினார்கள். செயற்கைக்கோள் மேலிருந்து மேய்ச்சல் நிலத்தைப் படம் பிடிக்கும், பசுமை குறைந்தால் காப்பீட்டுப் பணம் போகும். கெட்டிக்கார ஏற்பாடு. விண்வெளியிலிருந்து மார்சபிட்டின் புல் காய்ந்தது தெரிகிறது. நைரோபியிலிருந்து தெரியவில்லை. வறட்சி ஆணையத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. வறட்சி வந்தவுடன் கையில் பணம் இருக்க ஒரு நிதி வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்த நிதியை எப்படி இயக்குவது என்ற விதிமுறைகள் 2021இல் வந்தன. அவசர நிதிக்கு விதி எழுத ஐந்து வருஷம். அவசரமில்லாத நிதி என்றால் எத்தனை வருஷம் ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

சரி, தாமதமாகவாவது என்ன வருகிறது? டேங்கர் லாரி வருகிறது.

நம் வாசகர்களுக்கு டேங்கர் லாரியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த லாரி பக்கத்துத் தெருவிலிருந்து வருவதில்லை. தார் ரோடு முடிந்து, மண் ரோடு முடிந்து, ரோடே முடிந்த பிறகும் ஓட வேண்டும். ஊர் என்று சொல்வது முள்வேலிப் பட்டிகள் நாலைந்து. நடுவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதன் வயிற்றில் நன்கொடையாளரின் சின்னம். தொட்டிக்கு முன்னால் மஞ்சள் கேன்கள் கயிற்றில் கோத்து வரிசையாகக் கிடக்கின்றன. ஆள் நிற்கவில்லை, கேன் நிற்கிறது. விடிகாலையிலிருந்து அதுதான் இடம் பிடித்து வைத்திருக்கிறது. ஓட்டுநர் குழாயை மாட்டி வால்வைத் திறந்ததும் முதலில் வருகிறவை ஆடுகள். தண்ணீர் வாசம் அவற்றுக்கு அவ்வளவு தூரத்திலிருந்தே எட்டிவிடுகிறது. குழாய் இணைப்பில் ஒழுகும் சொட்டை மண்ணோடு நக்குகின்றன. பெண்கள் குச்சியால் விரட்டுகிறார்கள். தங்கள் ஆட்டைத் தாங்களே விரட்டுகிறார்கள். ஏனென்றால் இந்தத் தண்ணீர் மனிதருக்கு. ஆட்டுக்கு ஒதுக்கீடு கிடையாது.

இங்கேதான் இந்த நிவாரணத்தின் முழு அறிவும் நிற்கிறது. உயிர் பிழைத்திருக்க ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் ஏழரை லிட்டர் என்பது சர்வதேச நிவாரணத் துறையின் கணக்கு. 10,000 லிட்டர் லாரி ஒன்று வந்தால் 1,300 பேருக்கு ஒரு நாள் ஆயிற்று. கணக்கு சரி. படிவத்தில் டிக் அடித்தாயிற்று. ஆனால் துர்க்கானா, வஜீர், மந்தேரா போன்ற வடக்கு மாவட்டங்களில் மந்தை இல்லாத மனிதன் யார்? அவனுக்குப் பால் அதுதான், வங்கி அதுதான், மகள் கல்யாணமும் மகன் படிப்பும் அதுதான். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். தாகம் கொண்ட ஒட்டகம் ஒரே மூச்சில் 100 லிட்டர் குடிக்கும். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே பொரியையும் கொடுத்துவிட்டு, யானை கணக்கிலேயே இல்லை என்கிறார்கள். மனிதனுக்கு ஏழரை லிட்டர் ஊற்றி உயிரோடு வைத்து, அவன் கண் முன்னால் அவன் பிழைப்பைச் சாக விடுவதற்கு மனிதாபிமான உதவி என்று பெயர்.

மந்தை சாகத் தொடங்கிய பிறகு அரசாங்கத்துக்கும் கருணை பிறந்தது. எழுந்து நிற்க முடியாத மாடுகளை விலைக்கு வாங்கும் திட்டம் போட்டார்கள். நின்றபோது தண்ணீர் கொடுக்கவில்லை, விழுந்த பிறகு விலை கொடுத்தார்கள்.

அந்த இரண்டு ஆண்டுகளில் உலகம் உண்மையாகவே அதிர்ந்தது ஒரு படத்துக்குத்தான். 2021 டிசம்பர், வஜீர் மாவட்டம். வற்றிப்போன நீர்த்தேக்கத்தில் குடிக்க இறங்கிச் சேற்றில் சிக்கிய ஆறு ஒட்டகச்சிவிங்கிகள் செத்துக் கிடக்கின்றன. மேலிருந்து எடுத்த படம். உலகப் பத்திரிகைகளெல்லாம் போட்டன. போட வேண்டிய படம்தான். அதே மாவட்டத்தில் ரோட்டோரம் அழுகிக் கிடந்த மாடுகளுக்குக் கழுத்து நீளம் போதவில்லை.

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். டேங்கரில் தண்ணீர் கொண்டுபோவதுதான் இருப்பதிலேயே செலவு பிடித்த வழி. வேறு எதுவும் முடியாதபோது மட்டும் செய் என்று நிவாரணத் துறையின் கையேடுகளே எழுதி வைத்திருக்கின்றன. மலிவான வழி எது? ஏற்கனவே தோண்டிய ஆழ்துளைக் கிணற்றை ஓட வைப்பது. வறட்சியில் அந்தக் கிணறுகள் இராப்பகலாக ஓடுகின்றன. சுற்றுப்புறத்து மந்தையெல்லாம் அங்கேதான் வருகிறது. டீசல் தீர்கிறது, ஜெனரேட்டர் படுக்கிறது, பம்பு தீய்கிறது. மழைக்காலத்தில் ஒரு மெக்கானிக்கை அனுப்பி உதிரி பாகத்தை மாற்றியிருந்தால் பாதி லாரிகளுக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் ஒரு வாஷர் மாற்றுவதற்கு எந்த மந்திரி ரிப்பன் வெட்டுவார்? கிரீஸ் போட்டதற்கு எந்தத் தொண்டு நிறுவனம் பேனர் கட்டும்? புதுக் கிணறு என்றால் திறப்பு விழா உண்டு. லாரி என்றால் கொடியசைப்பு உண்டு. பழுது பார்த்தல் என்பது புகைப்படத்தில் விழாத தொழில்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. அவசரம் என்று ஆகிவிட்டால் நாலு பேரிடம் விலை கேட்க வேண்டியதில்லை. கென்யாவின் கொள்முதல் சட்டமும் அவசரத் தேவைக்கு நேரடிக் கொள்முதலை அனுமதிக்கிறது. எந்த நாட்டுச் சட்டமும் அனுமதிக்கத்தான் செய்யும், செய்யவும் வேண்டும். வீடு எரியும்போது ஒப்பந்தப்புள்ளி திறந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் ஒரு வருஷம் முன்பே தீப்பிடிக்கும் தேதியைச் சொல்லிவிட்ட வீட்டுக்கு என்ன அவசரம்? லாரி எத்தனை நடை போயிற்று, நிரம்பித்தான் போயிற்றா, எந்த ஊரில் இறக்கினார்கள் என்று யார் பின்னாலேயே ஓடி எண்ணுவது? தண்ணீர் அருமையான சரக்கு. இறக்கிய மறுநாள் தடயமே இருக்காது. காலத்தோடு செய்தால் தணிக்கையாளர் வருவார். காலம் கடந்து செய்தால் கடவுள்தான் வர வேண்டும். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

கிணறு தோண்டுவதாவது யோசித்துத் தோண்டுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. மேய்ச்சல்காரனுக்குத் தண்ணீரும் புல்லும் ஒன்றோடொன்று கணக்குப் பார்த்தவை. மழைக்காலத்துக்கு ஒரு நிலம், கோடைக்கு ஒரு நிலம் என்று ஒதுக்கி வைப்பான். மழைக்கால நிலத்தில் நிரந்தரத் தண்ணீர் இல்லாததுதான் அதைக் காப்பாற்றிய காவல். அங்கே போய் ஓட்டு வாங்க ஒருவர் கிணறு வெட்டுகிறார். அந்த மாதமே பட்டிகள் குவிகின்றன, கடை வருகிறது, வருஷம் முழுக்க மந்தை மேய்கிறது. வறட்சி வரும்போது கிணற்றைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்கு ஒரு புல் இருக்காது. மாடு தொட்டி நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பசியால் சாகிறது. இதை மேய்க்கிற பையனே சொல்லிவிடுவான். ஆனால் அவனை ஆலோசகராக நியமிக்க முடியாது, அவனிடம் பவர்பாயின்ட் இல்லை.

எத்தியோப்பிய எல்லையின் இரு பக்கமும் வாழும் போரானா மக்களைப் பாருங்கள். எத்தியோப்பியப் பக்கத்தில் அவர்களுடைய தூலாக் கிணறுகள் பல நூற்றாண்டுப் பழமை. பாறையைக் குடைந்து இறங்குகின்றன. ஆட்கள் ஒருவர் மேல் ஒருவராக ஏணிபோல நின்று, பாடிக்கொண்டே வாளியைக் கைமாற்றி மேலே ஏற்றுகிறார்கள். எந்த மந்தை எந்த நாள் குடிக்கும், யாருக்கு அடுத்து யார் என்று முறை வைக்க ஒருவர் இருக்கிறார். அபா ஹெரேகா என்று பெயர். அவர் வரிசை சொன்னால் சொன்னதுதான். தொட்டியை உடைத்தவனுக்கும் முறை தாண்டியவனுக்கும் அபராதம் உண்டு. அவருக்கு வாகனம் இல்லை, அலுவலகம் இல்லை, நட்சத்திர ஓட்டலில் மூன்று நாள் பயிலரங்கு இல்லை. ஆனால் தண்ணீர் யாருக்குப் போயிற்று என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியும். இவ்வளவு பணத்தை இறைத்த பிறகு வேறு யாராலும் சொல்ல முடியாத பதில் அது.

துர்க்கானாவுக்கு வாருங்கள். 2013 செப்டம்பரில் அங்கே லோட்டிகிப்பி என்ற இடத்தில் தரைக்கடியில் ஒரு கடல் கண்டுபிடித்ததாக அரசும் யுனெஸ்கோவும் சேர்ந்து அறிவித்தன. 20,000 கோடி கன மீட்டருக்கும் மேல் தண்ணீர். நாடு முழுவதற்கும் 70 ஆண்டுகளுக்குப் போதும் என்றார்கள். தாகமெடுத்த மாவட்டத்தின் காலடியிலேயே தண்ணீர்! தலைப்புச் செய்தி உலகம் சுற்றியது. பிறகு ஆற அமரச் சோதித்தார்கள். குடிக்க லாயக்கில்லாத உப்பு. அந்தச் செய்தி உலகம் சுற்றவில்லை. பெண்கள் காய்ந்த ஆற்று மணலில் இடுப்பளவுக்குக் குழி பறித்து, ஊற்று சுரக்கக் காத்திருந்து, குவளையால் மொண்டு மஞ்சள் கேனை நிரப்பும் வேலையைத் தொடர்ந்தார்கள். அறிவிப்புக்காக அவர்கள் இடையில் நிறுத்தியிருந்தார்களா என்ன?

இந்த மாவட்டத்துக்கு லாரி ஓட்ட வசதியில்லை, தூரம் அதிகம், ரோடு மோசம், பாதுகாப்பு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2012இல் இதே துர்க்கானாவில் எண்ணெய் கிடைத்தது. 2018 ஜூனில் கச்சா எண்ணெய் டேங்கர்கள் லோக்கிச்சாரிலிருந்து மொம்பாசா துறைமுகத்துக்குப் புறப்பட்டன. 1,000 கிலோமீட்டருக்கு மேல். அதிபரே வந்து கொடியசைத்தார். 2019 ஆகஸ்டில் 2 லட்சம் பீப்பாய் கப்பலேறியது. மறுபடியும் அதிபர், மறுபடியும் கொடி. எண்ணெய் வெளியே போக ரோடு உண்டு. தண்ணீர் உள்ளே வர ரோடு இல்லை. ஒரே ரோடுதான்.

இந்த ஓரவஞ்சனை எங்கேயோ வழி தவறி வந்ததல்ல. சுதந்திரம் வாங்கி இரண்டாம் ஆண்டில், 1965இல், அரசு ஒரு கொள்கை ஆவணம் போட்டது. வளர்ச்சிப் பணத்தை எங்கே போட்டால் விளைச்சல் அதிகமோ அங்கே போடு என்றது. நல்ல மண், நல்ல மழை, ரயில் பாதை இருக்கிற இடம். தெற்கே செழித்தால் வடக்குக்கும் வழியும் என்றார்கள். அது வழியுமென்று வடக்கு இன்றைக்கும் கேனை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

அவசரம் என்றால் என்ன என்பது அந்த மண்ணுக்குத் தெரியாததில்லை. 1963 கடைசியில் வடக்கில் அவசரநிலைச் சட்டம் போட்டார்கள். எடுத்தது 1991இல். ஏறக்குறைய 28 ஆண்டுகள். துப்பாக்கிக்கு அவசரம் இருந்தது. அதற்கு முன்னறிவிப்பும் தேவைப்படவில்லை, நிதி ஒதுக்கீடும் தடங்கலாகவில்லை. 1984 பிப்ரவரியில் வஜீருக்குப் பக்கத்தில் வகாலா விமான ஓடுதளத்தில் சோமாலி இனத்து டெகோடியா ஆண்களைப் பாதுகாப்புப் படையினர் கூட்டி வந்து அடைத்தார்கள். நாள்கணக்கில், வெயிலில், ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல். பலர் சுடப்பட்டார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசு சொன்ன எண்ணும் ஊர் சொல்லும் எண்ணும் ஒட்டவே ஒட்டாது. நாட்டின் பழைய கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையம் 2013இல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தது. இந்தப் பத்தியில் நகைச்சுவை கிடையாது.

2010இல் புது அரசியல் சாசனம் வந்தது. போதுமான, சுத்தமான தண்ணீர் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது 43ஆம் பிரிவு. பின்தங்கிய பகுதிகளின் தண்ணீர், ரோடு, மருத்துவம், மின்சாரத்துக்காக வருவாயில் அரை சதவீதத்தை 20 ஆண்டுகளுக்கு ஒதுக்கு என்கிறது 204ஆம் பிரிவு. அரை சதவீதம். நூறு ரூபாய்க்கு ஐம்பது பைசா. அதையும் வழக்கு, வழிகாட்டு நெறி, பட்டியல், மறுபட்டியல் என்று இழுத்து, பத்தாண்டு கழித்தும் சேர வேண்டிய அளவில் சேர்க்கவில்லை. 20 ஆண்டு ஓடினால் பிரிவே காலாவதியாகும். அந்தக் கடிகாரம் மட்டும் தாமதமாக ஓடவில்லை.

ஐந்தாவது பருவமும் பொய்த்த பிறகு புதிய அதிபர் வில்லியம் ரூட்டோ கையில் இருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தார். 2023 பிப்ரவரி 14. நைரோபியின் நயாயோ மைதானத்தில் மழைக்காகத் தேசியப் பிரார்த்தனை. பக்தியை நான் கிண்டல் செய்ய மாட்டேன். வெறும் கையோடு நிற்கிற மேய்ச்சல்காரன் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டால் அது நியாயம். கஜானாச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கும்பிடுகிறவரைத்தான் எனக்குப் புரியவில்லை. கூடவே நூறு பெரிய அணைகள் கட்டப்போவதாகவும் சொன்னார்கள். பம்புக்கு வாஷர் மாற்றாத கை நூறு அணை கட்டும்.

மார்ச்சில் மழை வந்தது. மார்சபிட்டில் வெள்ளமாகவே வந்தது. எலும்பும் தோலுமாகப் பிழைத்திருந்த மிச்ச ஆடுகளில் பலவற்றை அடித்துக்கொண்டு போயிற்று. அதே ஆண்டு கடைசியில் எல் நினோ பெருமழை வரும் என்று வானிலைத் துறை எச்சரித்தது. அக்டோபரில் அதிபர் மக்களுக்கு ஆறுதல் சொன்னார். பயப்பட்டது போல எல் நினோ வராது, கனமழை மட்டும் இருக்கும் என்றார். நவம்பரில் மழை தன் விளக்கத்தைக் கொடுத்தது. நூற்றுக்கும் அதிகமான உயிர்கள் போயின. தானா நதி ஏறி கரிஸ்ஸா ரோட்டை விழுங்கியது. வடக்குக்குச் சரக்கு ஏற்றிப் போன லாரிகள் வெள்ளத்தின் ஓரம் வரிசைகட்டி நின்றன. இரண்டரை ஆண்டு தண்ணீர் இல்லை என்று சாகவிட்ட ஜனங்களுக்கு, இப்போது தண்ணீர் இருப்பதால் எதுவும் போய்ச் சேரவில்லை. எச்சரிக்கை மட்டும் இந்த முறையும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.